சிங்கன் கண்ட விரியன்

மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை மெச்சி மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பேர். சாரல் தொடங்கினால் போதும், குரங்கும் தேனருவியும் வரும் மலைவளப் பாட்டை மேடைக்கு மேடை சொல்வார்கள். சொல்லட்டும். நமக்கு அந்த நூலின் உச்சம் கடைசியில் குறத்தி சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் சந்திக்கும் இடம்தான்.

ஊர் ஊராகக் குறி சொல்லிப் பரிசு வாங்கி, மேலெல்லாம் நகையோடு நிற்கிறாள் சிங்கி. தேடி அலைந்து வந்த சிங்கன், இத்தனை நாள் சொல்லாமல் எங்கே போனாய் என்கிறான். குறி சொல்லப் போனேன் என்கிறாள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம், அவனுக்கு ஆறவில்லை. உன்னைப் பார்த்தால் அதிசயமாக இருக்கிறது, சொல்லவும் பயமாக இருக்கிறது என்கிறான். பயப்படாதே, தோன்றியதைச் சொல் என்கிறாள் அவள். மனநோயாளியைச் சாய்வுப் படுக்கையில் கிடத்தி, மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்லச் சொன்ன வியன்னா மருத்துவர் ஃபிராய்டு பிறக்க அப்போது ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

சிங்கன் வாயைத் திறந்தால் வருவதெல்லாம் பூச்சியும் பாம்பும். சிலம்பு அவனுக்கு விரியன், பாடகம் நெளியும் நாங்கூழ், கெச்சம் செத்த தவளை. காட்டு வேடன், நகை பார்த்தறியாதவன், அதனால் உளறுகிறான் என்று பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தார்கள். வகுப்பே சிரித்தது. ஆனால் அத்தனை கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி: இதையெல்லாம் உனக்கு யார் கொடுத்தார்கள்? அதைக் கேட்க அவனுக்கு நா எழவில்லை. கேட்க முடியாத சந்தேகம் அவள் காலில் விரியனாகச் சுற்றிக் கிடக்கிறது. அவளுக்கு அது புரிகிறது. கோபப்படாமல், இது இந்த நாட்டில் குறி சொல்லி வாங்கியது, அது அந்த நாட்டார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறாள். பயம் வடிந்ததும் அவன் கேட்பது ஒரு முத்தம். பட்டப்பகலிலா என்கிறாள் அவள்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இந்த உரையாடல் இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு நடக்கிறது. கணவன் வளைகுடாவில் ஓர் அறையில் கட்டிலில் சாய்ந்திருக்கிறான். இவள் பீடித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனை எடுக்கிறாள். “ஏன் எடுக்க இவ்வளவு நேரம்?” “பின்னாடி கொடியில என்ன தொங்குது, புதுசா இருக்கு?” அண்ணன் வந்தான், குளித்துவிட்டுத் துண்டைப் போட்டுப் போனான். அதைச் சொன்னதும் குரல் இறங்கி, பிள்ளை சாப்பிட்டானா என்று பேச்சு மாறிவிடும் வீடுகளும் உண்டு. மறுநாள் கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி இன்னொரு கேள்வி வரும் வீடுகளும் உண்டு. சிங்கியைப் போல நிதானமாகப் பதில் சொல்லப் பொறுமை வேண்டும். பொறுமையும் வருடக்கணக்கில் கையிருப்பு இருக்காது. எல்லாப் பதிலையும் அவளே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் நியாயமில்லை.

அப்படிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்களை எங்கே கூட்டிப் போகிறோம்? சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னால் தரையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மனம் கலங்கியவர்களை அதில் உட்காரவைப்பார்கள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். அருவியில் நிறுத்தினால் புத்தி தெளியும் என்று குற்றாலத்துக்கே ஒரு பேர் உண்டு. இவற்றைக் கேலி செய்ய நாம் தயாரில்லை. மாமியார் முன்னால் வாய் திறக்காதவள், தன் மேல் வேறு யாரோ வந்து பேசுவதாகத் தலைவிரித்துக் கத்த அங்கே இடம் இருக்கிறது. நம் குறை வேறு. கத்தி முடித்து அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு. அவள் என்ன சொன்னாள் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை, பேய் போய்விட்டதா என்றுதான் கேட்கிறார்கள். மனம் கலங்கியவர்களைக் கட்டிவைக்கும் சங்கிலியை மட்டும் எந்தப் பேர் சொல்லியும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது.

வெளிநாட்டிலிருந்து நம் இதழைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடியில் தொங்கும் துண்டை விட்டுவிடுங்கள். தனியாகக் கிடக்கிறேன், பயமாக இருக்கிறது என்றால் அதையே அவளிடம் சொல்லுங்கள். ஊரில் இருப்பவர்கள், வீட்டில் யாரிடமும் பேச முடியாத நாளில் 14416ஐ அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.