செந்தளிர் நோய் அல்ல!



தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு மாங்கன்று நிற்கிறதே, அதை யாரும் நடவில்லை. யாரோ தின்று வீசிய கொட்டையில் முளைத்தது. போன வாரம் அது செக்கச்செவேல் என்று தளிர் விட்டது. உடனே, "நோவு புடிச்சிருக்கு, புடுங்கிட்டு கலர் இலைச் செடி வைக்கலாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கு இதில் சம்மதம் இல்லை.

முதலில், அது நோய் அல்ல. மாந்தளிரில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. பச்சையம் அப்போது குறைவு. இலை முற்ற முற்றப் பச்சையம் கூடி, சிவப்பு மறைந்துவிடும். பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்து இந்த நிறமி காக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். நானும் சின்ன வயசில் எங்கள் வீட்டு மரத்தில் சிவப்புத் தளிரைக் கிள்ளி எறிந்து ஆயாவிடம் திட்டு வாங்கியவள்தான்!

"எங்க தோட்டத்துல இவ்வளவு சிவப்பு இல்லையே?" என்று கேட்கலாம். தோட்டத்தில் இருப்பது ஒட்டுச்செடி. அது தாய் மரத்தின் நகல். அதனால்தான் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு ஒரே மாதிரி பெங்களூரா கிடைக்கிறது. கொட்டைக் கன்று அப்படி இல்லை. தாய் மரத்திலிருந்து 20, மகரந்தம் தந்த மரத்திலிருந்து 20, மொத்தம் 40 குரோமோசோம்கள். தளிரின் நிறம் முதல் பழத்தின் ருசி வரை எல்லாம் புதுக் கலவை. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நீலத்தையும் தசேரியையும் கலந்துதான் மல்லிகா, ஆம்ரபாலி இரண்டையும் உருவாக்கினார்கள். பெற்றோர் ஒன்றுதான், பிள்ளைகள் வேறு வேறு!

கலர் இலைக்கும் ஒரு கதை உண்டு. பாரசீக மன்னரின் தோட்டக்காரர் பிஸ்ஸார்டு, 1880 வாக்கில் ஊதா இலை பிளம் மரத்தைப் பிரான்சுக்கு அனுப்பினார். அதிலும் இதே ஆந்தோசயனின்தான். ஆனால் இலை முற்றினாலும் நிறம் போகாது. அந்த மரத்தை "நோவு" என்று யாராவது பிடுங்கியிருந்தால்?

நம் கன்று காய்க்கப் பல வருஷம் ஆகும். நான் பள்ளியை விட்டே போயிருப்பேன். பழம் புளிக்கவும் செய்யலாம். புளித்தால் என்ன? அதன் மேலேயே நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டலாம். பிடுங்கிவிட்டால் எதுவுமே தெரியாமல் போய்விடும்.

ஆசிரியப் பெருமக்களே, கன்றை விட்டு வையுங்கள். முள்வேலி கட்டவும் தண்ணீர் ஊற்றவும் நாங்கள் தயார். தோழிகளே, தளிரைக் கிள்ளாதீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள், தானே பச்சையாகும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி