சீசனுக்கு ஓர் ஊர், பத்து நாளுக்கு ஓர் ஒப்பந்தம்: வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்க முடியுமா?

மணமேல்குடி பக்கம் வெளிநாட்டுக்குப் போவது புதுச் செய்தி இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடலை நம்பிய ஊர்கள் ஒருபுறம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிள்ளைகளை அனுப்பிவைத்த வீடுகள் மறுபுறம். ‘பர்மிட் எத்தனை வருஷம்? ஏஜெண்ட் யாரு? சம்பளம் ஒழுங்கா வருமா?’ என்ற மூன்று கேள்விகளும் புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில் எல்லோருக்கும் அத்துப்படி. வெளிநாட்டு கிளப்புக்குக் கூடைப்பந்து ஆடப்போகும் வீரரும் கேட்க வேண்டியது இதே மூன்று கேள்விகளைத்தான்.

பள்ளி மைதானத்தில் உயரமாக ஒரு பையன் தென்பட்டால், ‘நல்லா ஆடுனா அமெரிக்கா போயிடலாம்’ என்று சொல்வது வழக்கம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் உண்மை நிலவரம் என்ன?

யார் இந்த ‘ஊர் சுற்றும்’ வீரர்கள்?

கூடைப்பந்து என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் என்பிஏ. அதில் இருப்பது 30 அணிகள். ஓர் அணிக்கு வழக்கமான ஒப்பந்த இடம் 15. ஆக, உலகம் முழுவதற்கும் சேர்த்து 450 இடங்கள்தான். மற்ற தொழில்முறை வீரர்களின் பிழைப்பு ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பா என்று சிதறிக் கிடக்கும் லீக்குகளில் நடக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான். அது முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். அடுத்த வருஷம் வேறு நாடு, வேறு ஜெர்சி. பல லீக்குகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. உள்ளூர் வீரரைவிட ஒருபடி மேலே ஆடினால்தான் அந்த இடம் நிலைக்கும்.

பத்து நாள் ஒப்பந்தமா?

ஆமாம். என்பிஏ அணி ஒரு வீரரைப் பத்தே நாளுக்கு எடுத்துப் பார்க்கலாம். ஒரே சீசனில் இப்படி இரண்டு முறை எடுக்கலாம். அதன் பிறகு சீசன் முடியும் வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். கனடாவில் பிறந்த, பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த சிம் புல்லர் 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்குள் நுழைந்தது இப்படித்தான். ஏழடி ஐந்து அங்குல உயரம். என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெருமை. ஆனால் களத்தில் இருந்தது மூன்று ஆட்டங்களில் மொத்தமாகச் சுமார் மூன்று நிமிடங்கள். அதன் பிறகு அவருடைய ஆட்டம் தைவானில் தொடர்ந்தது.

சத்னாம் சிங்குக்கு என்ன ஆனது?

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன். லூதியானா அகாடமியில் பயிற்சி எடுத்து, 2010-ல் 14 வயதில் உதவித்தொகையோடு ஃபுளோரிடாவுக்குப் போனார். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது வீரராகத் தேர்வு செய்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ அணியால் தேர்வான முதல் ஆள் அவர்தான். ஊரெல்லாம் கொண்டாட்டம்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் சுற்றில் தேர்வாகிறவருக்கு ஒப்பந்தம் உறுதி. இரண்டாம் சுற்றில் தேர்வாகிறவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 52-வது இடம் இரண்டாம் சுற்று. சத்னாம் என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குக் கீழ்நிலை லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார். பிறகு கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. ஊக்கமருந்துச் சோதனையில் ஹைஜெனமைன் என்ற பொருள் சிக்கியதால், 2019 நவம்பரிலிருந்து கணக்கிட்டு இரண்டு வருஷத் தடை. இது சில தாவரங்களிலும், கடையில் விற்கும் சில உடற்பயிற்சிப் பொடிகளிலும் இருக்கக்கூடியது. தடைக்காலம் முடிவதற்குள்ளேயே அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

மற்ற இந்தியர்கள்?

அம்ரித்பால் சிங் ஜப்பானில் ஆடிவிட்டு, 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் இடம் பிடித்தார். அம்ஜ்யோத் சிங்கும் ஜப்பானில் ஆடியவர்தான். அதே 2017-ல் ஒக்லஹோமா சிட்டி ப்ளூ என்ற கீழ்நிலை லீக் அணி அவரை எடுத்தது. இருவருமே இந்திய அணியின் தூண்கள். ஆனாலும் வெளிநாட்டில் ஒவ்வொரு சீசனிலும் புதிதாகத் தன்னை நிரூபிக்க வேண்டிய நிலைதான்.

சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவது?

இந்தத் தொழிலில் இது பெரிய தொல்லை. சின்ன கிளப்புக்கு ஸ்பான்சர் போனால் வீரருக்குச் சம்பளம் போகும். இதற்காகவே உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா 2007-ல் ஒரு நடுவர் தீர்ப்பாயத்தை ஜெனீவாவில் அமைத்தது. தீர்ப்புப்படி பணம் தராத கிளப்புக்குப் புது வீரர்களைப் பதிவுசெய்யத் தடை விதிக்கலாம். ஆனால் ‘தகராறு வந்தால் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவோம்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். வளைகுடா வேலைக்கு ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதுபோல, விளையாட்டு ஏஜெண்டுக்கு ஃபிபா உரிமம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற, பழைய நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் கட்டாயம்.

திரும்பி வந்தால் என்ன இருக்கிறது?

முக்கியமான கேள்வி இதுதான். கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வே வீராங்கனை. 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்க மகளிர் லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன, ஒப்பந்தம் அமையவில்லை. ஆனால் திரும்பி வர ரயில்வே வேலை இருந்தது. இந்திய அணிக்கு ஆட்டமும் தொடர்ந்தது. 2014-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

தமிழ்நாட்டில் கூடைப்பந்தை இத்தனை காலம் தாங்கி நிற்பதும் இந்த வேலைகள்தான். தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் நிறுவனங்களின் அணிகள் சென்னையில் உண்டு. மாதச் சம்பளம் வரும். முழங்கால் போனாலும் மேசை வேலை இருக்கும். அதை விட்டுவிட்டு ஒரு சீசன் ஒப்பந்தத்துக்குப் போ என்று எந்த அப்பா அம்மா சொல்வார்கள்?

உள்நாட்டிலேயே நிலையான தொழில்முறை லீக் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். 2015-ல் தொடங்கிய யுபிஏ லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோனது. பின்னர் வந்த ஐஎன்பிஎல் போட்டியில் சென்னைக்கும் ஓர் அணி கிடைத்தது. ஆனால் சில வாரப் போட்டியை வைத்து யாரும் வருஷம் முழுக்கக் குடும்பம் நடத்த முடியாது. புரோ கபடி வந்த பிறகு கிராமத்துக் கபடி வீரருக்கு உள்ளூரிலேயே ஒரு விலை கிடைத்தது. கூடைப்பந்துக்கு அது இன்னும் வாய்க்கவில்லை.

ஆகவே, மணமேல்குடியில் வளர்த்தியாக ஒரு பிள்ளை பந்தும் கையுமாகத் திரிந்தால் தடுக்க வேண்டியதில்லை. படிப்பை விடாமல் ஆடட்டும். விளையாட்டு ஒதுக்கீடு கல்லூரிக்கும் வேலைக்கும் வழி திறக்கும். வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் போகட்டும். ஆனால் போகிற டிக்கெட்டோடு திரும்பி வரும் வழியையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பிய எந்த வீட்டுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.