லூதியானாவில் மதுரை வென்ற கோப்பை

2025 ஜூலையில் அந்தச் சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். சியாங் மாய் நகரில் நம் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை 2-1 என்று சாய்த்து, 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு கோலையும் அடித்தவர் வங்காளத்துச் சங்கீதா பாஸ்ஃபோர். தாய்லாந்து லேசுப்பட்ட அணி இல்லை; 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடியிருக்கிறது. தகுதிச் சுற்றின் நாலு ஆட்டங்களிலும் நமக்கே வெற்றி. போட்டது 24 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று.

மறுநாள் பேப்பரில் எட்ஜ்பாஸ்டனில் சுப்மன் கில் அடித்த சதத்துக்குப் பக்கம் முழுக்க இடம். கில் ஆட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பெண்களுக்கு மூலையில் சில வரிகள்தான். விளையாட்டுப் பக்கத்தின் மீது எனக்கு எப்போதும் இந்தக் கோபம் உண்டு. இந்த முறை இடம் குறைந்ததைவிட, இந்த அணி நேற்றுத்தான் பிறந்தது போல எழுதியிருந்ததே அதிகம் உறுத்தியது.

தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல் தடவை, சரி. ஆனால் 1980 ஜனவரியில் இதே ஆசியப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. நாம் இரண்டு அணிகளை இறக்கினோம். அதில் ஒன்று இறுதிவரை போய் தைவானிடம் தோற்றது. 1983-ல் பாங்காக்கில் மறுபடி இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் 0-3. அந்தத் தோல்விக்கு 42 வருஷம் கழித்து அவர்கள் மண்ணிலேயே பதில் சொல்லியிருக்கிறோம் என்று ஒருவராவது எழுத வேண்டாமா? அந்தக் காலத்து நட்சத்திரம் சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது வாங்கிய முதல் கால்பந்து வீராங்கனை. அவர் பெயரும் எங்கும் இல்லை.

அப்போது பெண்கள் கால்பந்துக்கென்று 1975-ல் தொடங்கிய தனிச் சம்மேளனம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதே தவிர வளர்க்கவில்லை. ஆட்டமே ஆடாத அணி என்று 2009-ல் ஃபிஃபா தரவரிசையிலிருந்து இந்தியாவை நீக்கியது.

இதையெல்லாம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது டீ மாஸ்டர் கேட்டார்: "அது சரிண்ணே, பொம்பளைப் புள்ளைக பந்து விளையாட்டுல நம்ம மதுரைக்கு என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் சியாங் மாய் எனக்கு மறந்தே போனது. சேது எஃப்சி இருக்கிறதே! 2016-ல் தொடங்கிய மதுரை அணி. 2019 மே மாதம் லூதியானாவில், இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று நாட்டின் சாம்பியன் ஆனது. மணிப்பூரை வெல்வது என்றால் சும்மாவா? மாநிலங்களுக்கான தேசியப் போட்டியில் வருஷக்கணக்காகக் கொடிகட்டிப் பறந்த மாநிலம் அது. அந்தப் போட்டியிலும்கூட 2018-ல், கட்டாக்கில் தமிழ்நாடு 2-1 என்று அவர்களை வீழ்த்தி முதல் முறையாகப் பட்டம் வாங்கியது. 2023-ல் அமிர்தசரஸில் இரண்டாவது பட்டம்.

இந்தத் தமிழ்நாட்டுப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? பலர் கடலூர்ப் பக்கம். சுனாமிக்குப் பிறகு அங்கே பயிற்சியாளர் மாரியப்பன் பெண் பிள்ளைகளைத் திரட்டி மைதானத்தில் இறக்கினார். கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் சேதுவுக்கும் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். நம் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். இத்தனை இருந்தும் என் தெருவில் சேது என்றால் பாம்பன் பக்கம் கை காட்டுகிறவர்கள்தான் அதிகம். சாம்பியன் அணியை வைத்துக்கொண்டு ஊர் இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் தெருவிலிருந்து பந்தோடு கிளம்புகிற பெண் பிள்ளை இருந்தால் எழுதுங்கள். எந்த மைதானம், எத்தனை மணி, யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், பூட்ஸுக்கு யார் காசு தருகிறார்கள் என்று விவரமாக. அடுத்த வாரப் பத்தியை அப்படியே அவர்களுக்குத் தருகிறேன்.