பெயர் போட்டால் போதுமா?

செராஸ் கேஎல்எஃப்ஏ அரங்கம். கோல் கம்பத்துக்குப் பின்னால், விளம்பரப் பலகையை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலி. உடம்பில் எண் போட்ட மேலங்கி, மடியில் மழைக்காக ஒரு பிளாஸ்டிக் பை. போன பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தை நான் அங்கிருந்துதான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. டிக்கெட் வாங்கி மேலே உட்கார்ந்தவர்களுக்கு முழுத் திடலும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது லென்ஸுக்குள் அகப்பட்ட முழங்கால்களும் முகங்களும்தான். ஆட்டம் நடக்கும்போது இடம் மாறக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதல் கோல் எதிர்முனையில் விழுந்தது. கூட்டம் கத்தியதை வைத்துத்தான் எனக்கு அது கோல் என்றே தெரிந்தது.

பக்கத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள ஓர் அண்ணன். அவருடைய 400 மில்லிமீட்டர் லென்ஸ் கிட்டத்தட்ட 3 கிலோ. அதை ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்தியிருந்தார். அந்த விலைக்கு ஒரு பழைய மைவி வாங்கலாம். நான் வைத்திருந்தது பல்கலைக்கழகப் புகைப்படக் கழகத்தில் இரவல் வாங்கிய 70-200. ஓடும் கால் கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் 1/1000 வினாடியாவது வேண்டும். இரவு விளக்குகள் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். கேமராவுக்கு அது அரை இருட்டு. ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்ற ஏற்ற, படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன.

இரண்டாம் பாதியில் கோல் எங்கள் முனையிலேயே விழுந்தது. நான் அடித்தவரைத் துரத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் திரும்பாமலே சொன்னார்: “தங்கச்சி, போட்டவன எல்லாரும் எடுப்பாங்க. விட்டவன பாரு.” பார்த்தேன். கோல்காவலர் வலையை ஒரு கையால் பிடித்தபடி, மண்டியிட்டுப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் எடுத்த எண்ணூற்றுச் சொச்சம் படங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

பண்டார் துன் ரசாக்கில் எல்ஆர்டி ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, பங்சார் வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. அம்மா தூங்கவில்லை. எப்போதும் கேட்கும் இரண்டு கேள்விகள்: “சாப்பிட்டியா? காசு குடுத்தாங்களா?”

“பேர் போடுவாங்கம்மா.”

“பேரு நாங்க வச்சதுதானே. அவங்க என்ன புதுசா போடுறது?”

அன்று சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து அதே கோல்காவலர் படம் ஒரு விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. ஓரத்தில் ஒரு பானத்தின் சின்னம் இருந்தது. என் பெயர் வெட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, “வாய்ப்புக் கொடுத்தோமே” என்று பதில் வந்தது.

இது என் படம் திருட்டுப்போன கதை மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். பிறகொரு நாள் அந்த அண்ணனோடு பேசியபோதுதான் மற்றொரு பக்கம் தெரிந்தது. முன்பு அவரை மாதத்தில் மூன்று, நான்கு ஆட்டங்களுக்குக் கூப்பிடுவார்களாம். இப்போது ஒன்று வந்தாலே பெரிது. “ஸ்டூடண்ட்ஸ் சும்மாவே எடுத்துத் தராங்கல்ல” என்றார். என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஸ்டூடண்ட் நான்தான்.

குழுக்களிடம் பணமில்லை என்பார்கள். அது பொய்யில்லை; நம் நாட்டில் ஆட்டக்காரர்களின் சம்பளமே மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும் செய்திகளைப் படித்திருக்கிறோம். ஆனால் மின்சாரம் சும்மா கிடைக்கவில்லை, புல் வெட்டுபவர் சும்மா வெட்டவில்லை. படம் மட்டும் ஏன் சும்மா வரவேண்டும்? தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும், நண்பர்களின் ஃபுட்சாலுக்கும் நான் இலவசமாக எடுப்பேன், இனியும் எடுப்பேன். விளம்பரதாரர் சின்னம் உள்ள இடத்தில் இலவசம் என்பது கற்றுக்கொள்வதல்ல. வேலை செய்பவரின் சோற்றில் கைவைப்பது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் இறந்தது 1988இல். என் அப்பாவே அப்போது சிறுவர். ஆனாலும் அவர் எப்படிப் பாய்வார் என்று எனக்குத் தெரியும். 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் கோல்காவலர் அவர். நாடு புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. மிஞ்சியதில் படங்களும் உண்டு. ஒரு சுருளுக்கு 36 படம்தான் என்ற காலத்தில், எல்லைக்கோட்டில் காத்திருந்து அவற்றை எடுத்தவர்களைப் பத்திரிகைகள் சம்பளம் கொடுத்து அனுப்பின. பங்சார் ஜாலான் ரியோங்கில் பாலாய் பெரித்தா கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும்.

இப்போது பாருங்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, சூப்பர் லீக் வரை போய், 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. நம் பையன்கள் பலர் ஆடிய அணி. அந்தப் படங்களில் எத்தனை யாருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றனவோ. சும்மா எடுத்த படத்தைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

கேமராவோடு திடலுக்குப் போகும் தம்பி தங்கைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட படைப்புதான். ஆனால் ஒருவர் உங்களை அமர்த்தி எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கு மாறியதாகவே அதே சட்டம் கருதுகிறது. எனவே வாய்ப்பேச்சு போதாது. எத்தனை படம், எங்கே பயன்படுத்தலாம், எவ்வளவு வெள்ளி என்று போவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரியாக இருந்தாலும், ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

எவ்வளவு கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அண்ணனிடமே கேட்டேன். அவர் வாங்கும் தொகையைச் சொல்லி, “அதுக்குக் கீழ இறங்காத, ரெண்டு பேருக்கும் கெடுதல்” என்றார். போன திங்கட்கிழமை ஒரு குழுவிலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அந்தத் தொகையை எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக்குறிகள் உடனே விழுந்தன. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அம்மா தினமும் கேட்கிறார்.