அந்த ஓராண்டைத் தின்றது யார்?

எம்.டி.எஸ். கலந்தாய்வுப் பேச்சு கிளம்பினாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். இந்த வாரம் அது கொஞ்சம் கூடுதல். பல் மருத்துவம் முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: எந்த பிராஞ்ச்? ஆர்த்தோ கிடைக்குமா, எண்டோ கிடைக்குமா, இரண்டும் இல்லையென்றால் வருகிறதை எடுத்துக்கொள்வதா, இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிப்பதா? 'வெறும் பி.டி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது' என்ற பயம்தான் இத்தனைக்கும் அடியில் இருக்கிறது. இந்திய முதுநிலைப் பல் மருத்துவத்தில் பிரிவுகள் ஒன்பது. செயற்கைப் பல், ஈறு, முகத்தாடை அறுவை, வேர் சிகிச்சை, பல் சீரமைப்பு, குழந்தைகள் பல், வாய் நோயறிதல், வாய் நோய்க்கூறியல், சமூகப் பல் மருத்துவம் என்று பட்டியல் அதோடு முடிந்துவிடுகிறது. பொதுப் பல் மருத்துவம் என்று பத்தாவதாக ஒன்று இல்லை. நாடு முழுக்க முன்னூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பி.டி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 27,000, எம்.டி.எஸ். இடங்கள் ஆறாயிரத்துச் சொச்சம். நாலில் மூன்று பேர் பொது மருத்துவராகவே தொழில் செய்யப் போகிறார்கள் என்பது கணக்கிலேயே எழுதியிருக்கிறது. அந்த மூன்று பேரைத் தயார்செய்வது பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பெயர்ப் பலகைகளைப் பற்றி மறுபடியுமா என்று பழைய வாசகர்கள் முனகுவது கேட்கிறது. மறுபடியும்தான். சென்னையில் லஸ் முனையிலிருந்து கச்சேரி ரோடு வரை, உஸ்மான் ரோட்டு மாடிப்படிகளின் ஓரம், அடையாறு எல்.பி. ரோடு என்று எங்கே பார்த்தாலும் 'மல்டி ஸ்பெஷாலிட்டி' பல் மருத்துவமனைகள். பலகையில் ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ரயில் பெட்டி நீளத்துக்குப் பட்டங்கள். அவர்களில் பெரும்பாலோர் விசிட்டிங் கன்சல்டன்ட். வேர் சிகிச்சை நிபுணர் காலையில் மயிலாப்பூரில் இரண்டு பல் பார்த்துவிட்டுச் சாயங்காலம் அடையாறில் இருப்பார். க்ளிப் போடுகிற டாக்டர் வாரத்தில் ஒரு நாள். இதில் தப்பொன்றும் இல்லை, சிறிய கிளினிக்குக்குக் கட்டுப்படியாகிற ஏற்பாடு இதுதான். ஆனால் திங்கள் முதல் சனி வரை நாற்காலி பக்கத்தில் நிற்கிறவர் ஒரு பி.டி.எஸ். வாயைத் திறந்து முதலில் பார்ப்பவர் அவர். இந்தப் பல்லை அடைக்கலாம், இதைப் பிடுங்கியே ஆக வேண்டும், இதை நிபுணருக்கு அனுப்பலாம், இதைச் சும்மா விட்டாலே போதும் என்று தீர்மானிப்பவரும் அவர். நம் பல்லின் தலையெழுத்தை எழுதுகிற ஆளைப் பலகை ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறது.

அந்தத் தீர்மானம் லேசான காரியமில்லை. மயிலாப்பூர் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களில் பலர் எழுபதைத் தொட்டவர்கள். சர்க்கரை இருக்கும், இதயத்தில் ஸ்டென்ட் இருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். பல்லைப் பிடுங்குவதற்காக அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வார்ஃபரின் எடுப்பவருக்கு, ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். 4-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தாமலே சாதாரணமாகப் பல்லை எடுக்கலாம், ரத்தக் கசிவைக் குழியிலேயே கட்டுப்படுத்தலாம் என்கின்றன பிரிட்டிஷ் வழிகாட்டு நெறிகள். நிறுத்தினால் வரக்கூடிய பக்கவாதம், பல் குழியில் கசிகிற ரத்தத்தைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. இது மூளைக்கு வேண்டிய அறிவு. கைக்கு வேண்டியது வேறு. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மரப்பு ஊசி போடுவதையே எடுத்துக்கொள்வோம். கட்டை விரலை உள்ளே விட்டுத் தாடை எலும்பின் முன்விளிம்பில் இருக்கும் பள்ளத்தைத் தடவிப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பற்களின் மேலிருந்து ஊசியைக் கொண்டுவந்து, எலும்பில் தட்டும் வரை செலுத்தி, ஒரு நூல் பின்வாங்கி, ரத்தம் ஏறுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மருந்தை மெல்ல விட வேண்டும். சீக்கிரமே தட்டினால் ஊசி முன்னால் நிற்கிறது. தட்டவே இல்லையென்றால் பின்னால் போய்விட்டது. அங்கே மருந்தை விட்டால் சில மணி நேரத்துக்கு முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போகும். புத்தகத்தில் இது நாலு வரி. கையில் ஏறுவதற்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, 'இன்னும் கொஞ்சம் பின்னால போ' என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் ஆண்டை ஒதுக்கியிருக்கிறார்கள். பட்டம் வாங்கியவர் ஏதாவதொரு மருத்துவமனையில் சேர்ந்து ஓராண்டு, விரும்பினால் இரண்டாண்டு, பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சி செய்யலாம். மயக்க மருந்துப் பிரிவில் சில வாரம், அவசரப் பிரிவில் சில வாரம், அடிபட்டு வருகிற முகங்களுக்காக இரவுப் பணி. பெரும்பாலான மாநிலங்களில் இது அவரவர் விருப்பம். நியூயார்க் மாநிலத்தில் 2007 முதல் இப்படி ஓராண்டு முடித்தால்தான் உரிமம். பிரிட்டனில் அரசு சுகாதாரச் சேவையில் சேர விரும்புகிற புதுப் பட்டதாரிக்கும் மேற்பார்வையில் ஓராண்டு உண்டு. எந்த ரெசிடென்சியில் சேர்வது என்று அங்குள்ள மாணவர்கள் யோசிக்கும்போது கேட்டுக்கொள்கிற கேள்விகளில் ஒன்று நமக்கு ரொம்பப் பொருந்தும். அதே மருத்துவமனையில் வேறு சிறப்புப் பிரிவு ரெசிடென்ட்டுகள் எத்தனை பேர்? அவர்கள் நிறைய இருந்தால் நல்ல கேஸ்களெல்லாம் அவர்களுக்குப் போய்விடும். பொது ரெசிடென்ட்டுக்குப் பல் சுத்தம் செய்வதும் சின்ன அடைப்புகளும்தான் மிஞ்சும். பெயர் பெற்ற இடம் வேறு, கற்றுக்கொள்கிற இடம் வேறு என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்தால் சரித்திரம் சிரிக்கும். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் ரஃபியுத்தீன் அகமது 1915-இல் அயோவாவில் பட்டம் வாங்கினார். வாங்கியதும் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வந்துதான் 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜார்ஜ் டவுனில் ரத்தன் பஜார் பக்கம் பல தலைமுறையாகத் தொழில் செய்த சீனப் பல் வைத்தியக் குடும்பங்களைச் சென்னையின் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூர்விகம் ஹூபே மாகாணம். அப்பா பல் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பிள்ளை கற்றுக்கொண்ட தொழில் அது. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் பெற்றவர்களுக்கு 'ஏ' பகுதி, பட்டம் இல்லாமல் குறைந்தது ஐந்தாண்டு இதையே பிழைப்பாகச் செய்தவர்களுக்கு 'பி' பகுதி என்று பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். கைத்தொழிலாகக் கற்றவர்களை அரசு ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. இருப்பவர்களை ஏற்றுக்கொண்டு, இனிமேல் பட்டம் கட்டாயம் என்றது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி இன்று கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிற அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ரத்தன் பஜார் நடந்துபோகிற தூரம்தான். அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறைகளிலும் பி.டி.எஸ். படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள் உண்டு. பட்டம் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்தது, எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தது, பொறுப்பைக் கொண்டுவந்தது. பக்கத்தில் நிற்கிற அப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவர் இடத்தில் நம் விதிமுறை ஒன்றை வைத்திருக்கிறது. நான்காண்டு படிப்புக்குப் பின் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சி. ஹவுஸ் சர்ஜன், சி.ஆர்.ஐ. என்றெல்லாம் சொல்வது இதைத்தான். செயற்கைப் பல், அறுவை இரண்டிலும் ஒன்றரை மாதம், வேர் சிகிச்சை, ஈறு, குழந்தைகள், சீரமைப்பு, நோயறிதல் ஐந்திலும் ஒவ்வொரு மாதம், சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமத்துக்கும் மூன்று மாதம், மீதி நாட்கள் நோய்க்கூறியலுக்கும் மாணவர் விருப்பத்துக்கும். அமெரிக்காக்காரன் ரெசிடென்சி என்கிறானே, காகிதத்தில் இது அதேதான். நடைமுறையில் நடப்பதோ வேறு. பயிற்சி முடிகிற தருணத்திலேயே நீட்-எம்.டி.எஸ். வந்து நிற்கிறது. மூன்று மணி நேரம், 240 கொள்குறிக் கேள்விகள். அதனால் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு என்பது கோச்சிங் ஆண்டாகிவிட்டது. ஓ.பி.யில் கையெழுத்து, மத்தியானத்துக்கு மேல் கேள்வி வங்கி. எந்தப் பல்லின் வேர் எத்தனை மில்லிமீட்டர் என்பது நுனிநாக்கில் இருக்கும்; அந்த வேருக்குள் ஃபைலை விட்ட அனுபவம் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருக்கும். போதாக்குறைக்கு, ஒன்பது பிரிவிலும் எம்.டி.எஸ். உள்ள பெரிய கல்லூரிகளில் நல்ல கேஸ் முதலில் பி.ஜி. மாணவர் நாற்காலிக்குத்தான் போக வாய்ப்பு. பெற்றோர் எதைப் பார்த்து மயங்கிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அதுவே பிள்ளையின் கையைக் கட்டிப்போடலாம்.

இதற்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. நிபுணர்தானே நன்றாகச் செய்வார் என்பார்கள். வளைந்த வேர், புதைந்த ஞானப்பல், உடைந்த தாடை எல்லாவற்றுக்கும் நிபுணர் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எது வளைந்தது, எது புதைந்தது என்று கண்டு நேரத்தோடு அனுப்பி வைக்கத் தேர்ந்த பொது மருத்துவர் வேண்டும். கத்துக்குட்டிப் பொது மருத்துவரிடம், அனுப்ப வேண்டியது தங்கிவிடும், தங்க வேண்டியது அனுப்பப்படும். இரண்டு வகையிலும் நோயாளிக்குத்தான் செலவு. இரண்டாவது மறுப்பு கனமானது: பி.டி.எஸ். முடித்து கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தால் கிடைக்கிற சம்பளம் தெரியுமா, அப்புறம் எப்படிப் பரீட்சைக்குப் படிக்காமல் இருப்பது? உண்மைதான். மாணவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பத்து பேர் ஓடும்போது ஒருவர் மட்டும் நிதானமாக நடந்து பல் பிடுங்கப் பழக முடியாது. மூன்றாவது, பக்கத்தில் நின்று கற்பது பழைய காலத்து ஆபத்தான முறை, அதனால்தானே சட்டமே வந்தது என்பது. சட்டம் தடுத்தது பட்டமில்லாத கையை. பட்டம் பெற்ற கையைப் பழக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ரெசிடென்சி ஆனாலும் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: படிப்பும் வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும்.

ஆகவே பழுது பரீட்சையின் கேள்விகளில் இல்லை, அது வருகிற நேரத்தில் இருக்கிறது. 2023-இல் வந்த தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தில் நெக்ஸ்ட் தேர்வு உண்டு. அதைக் கடைசி ஆண்டுத் தேர்வாக நடத்தி, தொழில் உரிமத்துக்கும் முதுநிலைச் சேர்க்கைக்கும் அதையே வைத்துக்கொள்வதாகச் சட்டம் சொல்கிறது. தமிழகத்துக்கு மத்தியத் தேர்வு என்றாலே கசப்பு. மருத்துவ நெக்ஸ்ட்டை எதிர்த்து முதல்வர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூனில் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். மாநில உரிமை பற்றிய அந்தச் சண்டை நடக்கட்டும், அதில் நியாயமும் இருக்கிறது. யார் நடத்தினாலும் சேர்க்கைத் தேர்வு ஹவுஸ் சர்ஜன் ஆண்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் ஆண்டுக்கு 27,000 கைகள் பிழைக்கும். அதுவரை, பி.டி.எஸ். கல்லூரி தேடுகிற பெற்றோர் எத்தனை பிரிவில் எம்.டி.எஸ். இருக்கிறது என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு, போன வருஷ ஹவுஸ் சர்ஜன் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேட்கலாம்: தனியாக எத்தனை பல் எடுத்தாய், எத்தனை வேர் சிகிச்சை முடித்தாய், செய்யும்போது பக்கத்தில் யார் நின்றார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் அங்கே சேர்க்கலாம்.