ஓய்வுக்காலச் சேமிப்பும் பங்குச் சந்தையும்

தனியார் நிறுவனங்களில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறுகிறவர்களின் கைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெருந்தொகை வந்து சேருகிறது. பிராவிடண்ட் பண்டும் பணிக்கொடையும் சேர்ந்த அந்தத் தொகைதான் பலருக்கு எஞ்சிய காலத்துக்கான ஆதாரம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறதே எனக் கேட்கலாம். அதன் குறைந்தபட்சத் தொகை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மும்பையில் அது ஒரு குடும்பத்தின் பால் செலவுக்கே போதாது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தொகைக்கு உரிமை கொண்டாடுவோர் பலர். மகளின் திருமணம், மகனின் பிளாட்டுக்கு முன்பணம், ஊரில் ஒரு வீடு என்று பாதி கரைந்துவிடும். எஞ்சியதையாவது பெருக்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிறக்கிறது. தலால் தெரு இருக்கும் நகரம் இது. மின்சார ரயிலில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கூடப் பங்கு விலை பேசுவார். அந்தப் பேச்சை நம்பி மொத்தத் தொகையையும் சந்தையில் இறக்கியவர்கள் உண்டு.

சந்தையின் வரலாறு ஒளிவுமறைவானதன்று. 1992 ஏப்ரலில் 4,400 புள்ளிகளைத் தாண்டிய சென்செக்ஸ், பங்கு ஊழல் வெளிப்பட்ட பிறகு, அதே ஆண்டிலேயே 3,000-க்குக் கீழே சரிந்தது. 2008 ஜனவரியில் 21,000-த்தைத் தொட்டது, அக்டோபரில் 9,000-க்குக் கீழே போயிற்று. மீண்டும் 21,000-த்தை எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. 2020 ஜனவரியில் 42,000-த்தைக் கடந்தது, கொரோனா பீதியில் மார்ச்சில் 26,000-க்குக் கீழே இறங்கி, நவம்பரில் மீண்டும் பழைய உயரத்தைப் பிடித்தது.

விழுந்த சந்தை எழுந்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. முப்பது வயதுக்காரருக்கு வீழ்ச்சி ஒரு வாய்ப்பு. மாதச் சம்பளத்திலிருந்து மலிவாக வாங்கிப் போடுவார். சம்பளம் நின்றுபோனவர் நிலை வேறு. அரிசிக்கும் மருந்துக்கும் வாடகைக்கும் அவர் விற்றே ஆக வேண்டும். நூறு ரூபாய் அறுபதாகக் குறைந்தால், பழைய நிலைக்கு வர 67 சதவீதம் ஏற வேண்டும். இடையில் விற்றுத் தின்ற பங்குகளோ ஏறும்போது கையில் இருக்காது. முதியவரைக் கெடுப்பது வீழ்ச்சி மட்டுமன்று. வீழ்ந்த நாளில் விற்க வேண்டிய கட்டாயமே.

அப்படியானால் சந்தைப் பக்கமே போகக் கூடாதா? அதுவும் முழு விடையாகாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் 50,000 ரூபாய் வேண்டும். வட்டியை மட்டும் நம்பியவரின் பணம், முதல் குறையாமலே தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அளப்பது எப்படி? அடுத்த ஐந்து ஆண்டுச் செலவுக்கு வேண்டிய பணம் சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே முதல் அளவு.

ஓர் உதாரணம். கையில் 40 லட்சம், மாதச் செலவு 25,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023-இல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாயிற்று. பணம் போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. 8.2 சதவீதக் கணக்கில் 24 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 49,200 ரூபாய், அதாவது மாதம் 16,400 ரூபாய் வரும். குறையும் 8,600 ரூபாய்க்காக வங்கி வைப்பில் 8 லட்சம் போடலாம். விலைவாசி ஏறினாலும் அது ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் தாங்கும். எஞ்சிய 8 லட்சத்தை, ஐந்தில் ஒரு பங்கை மட்டும், குறியீட்டெண்ணைப் பின்பற்றும் பரஸ்பர நிதியில் இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் போடலாம். சந்தை உயர்ந்த ஆண்டில் கொஞ்சம் எடுத்து வங்கிக் கணக்கை நிரப்பலாம். விழுந்த ஆண்டில் தொடாமல் காத்திருக்கலாம். காத்திருக்க வசதி செய்து வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் பயன். ஐந்து ஆண்டுச் செலவுக்கே பணம் போதாதவர் சந்தையை நினைக்காமலிருப்பதே நல்லது.

பத்திரமான இடம் என்று பெயர் வாங்கியவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 1964-இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 திட்டத்தை வங்கி வைப்பைப் போலவே நம்பியவர்கள் ஏராளம். 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவது ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டபோதுதான், தங்கள் பணம் பெருமளவு பங்குகளில் இருந்தது பலருக்குத் தெரிந்தது. 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் எடுக்க அனுமதித்த தொகை 1,000 ரூபாய்தான். வைப்புத் தொகைக் காப்பீடு 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். ஆகவே அந்த 8 லட்சத்தை இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவதே அறிவுடைமை.

'எஃப் அண்ட் ஓ' எனப்படும் முன்பேர வணிகத்தின் வாசலைக்கூட ஓய்வு பெற்றவர் மிதிக்க வேண்டியதில்லை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வே கூறுகிறது.

இன்னொன்றும் உண்டு. பணம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் இன்றும் பல. எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் செய்து, விவரத்தை ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கொடுப்பதற்கு ஒரு காசும் செலவாகாது.

மும்பையில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதில் குறை வைப்பதில்லை. ஓய்வை நெருங்கும் உறுப்பினர்களை ஆண்டுக்கொரு முறை கூட்டி, கமிஷன் வாங்காத, விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவும் அவை முன்வர வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகு கேட்கும் யோசனையைவிட, வருவதற்கு முன் கேட்கும் யோசனைக்குப் பலன் அதிகம்.