பன்னிரண்டு கூடைகள்

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்கு உணவான புதுமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் சிறு வயதிலேயே படித்துவிட்டோம். படம்கூட வரைந்திருக்கிறோம். ஆனால் யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் அந்தப் புதுமை பந்தியோடு முடிவதில்லை. எல்லாரும் வயிறார உண்ட பிறகு, எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொல்கிறார் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. இல்லாததை உண்டாக்க வல்லவர் மிச்சத்தை ஏன் பொருட்படுத்த வேண்டும்? புல்தரையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாமே!

பெசன்ட் நகரை நினைக்கும்போதுதான் எங்களுக்கு இந்தக் கேள்வி எழுகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29ஆம் நாள் அங்குள்ள அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடியேற்றம். மாதாவின் பிறந்த நாளான செப்டம்பர் 8 வரை விழா. காவி உடுத்தி, ஜெபமாலை சொல்லியபடி, நகரின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாக வருகிறார்கள். பிற சமயத்தாரும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். சாந்தோம் முதல் அடையாறு வரை வழியெங்கும் பந்தல் போட்டு, யார் எவர் என்று கேளாமல் தண்ணீரும் மோரும் உணவும் கொடுக்கிறார்கள். இதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. நம் சென்னையில் காணக் கிடைக்கும் அழகான காட்சிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் மறுநாள் விடியற்காலையில் அதே சாலையைப் பார்த்தீர்களா? காகிதக் கப்புகள், தட்டுகள், கிழிந்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள். அவற்றைக் கூட்டி அள்ளுகிறவர்கள் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். கொடுத்தவருக்குப் புண்ணியம், பெற்றவருக்குத் தாகசாந்தி, இவர்களுக்கு மட்டும் குனிந்த முதுகு. நேர்ச்சையின் கடைசிப் பகுதியை நாம் செய்யாமல் இவர்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிறோம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

துடைப்பத்துக்கு எட்டாதது மழைநீர் வடிகாலில் கிடக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் அது பக்கிங்காம் கால்வாய்க்கும் அடையாற்றுக்கும் போய்ச் சேரும். அடையாறு கடலில் கலக்குமிடம் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் சற்று வடக்கேதான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் இதே கரைக்குத்தான். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, அந்த முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் வைக்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் நடந்து வருகிறது. அவர்களும் ஒருவகை நடைப்பயணிகளே. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்கிவிடுமாம். இப்பக்கம் அவற்றைக் காக்கச் சிலர் கண்விழிக்க, அப்பக்கம் நாம் பையை வீசுவது என்ன நியாயம்?

“கோயிலுக்கு வந்த இடத்தில் குப்பைக் கணக்கா? அது அரசாங்கத்தின் வேலை” என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அரசாங்கம் தன் பங்குக்குச் சட்டம் போட்டுவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பதினான்கு வகைப் பொருள்களில் தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் இருக்கின்றன. (பிளாஸ்டிக் கொடிகளும் உண்டு. தோரணம் கட்டுகிறவர்கள் கவனிக்க!) ஆனால் எங்கள் வாதம் சட்டத்தைப் பற்றியது அல்ல. திருச்சபையின் பழைய வழக்கங்களில் ஒன்றைப் பாருங்கள். குருத்து ஞாயிறன்று நாம் கையில் ஏந்தும் ஓலை வீட்டுச் சிலுவையருகே ஓராண்டு இருந்து, பிறகு கோயிலுக்கே திரும்பி, எரிக்கப்பட்டு, திருநீற்றுப் புதனன்று சாம்பலாக நம் நெற்றிக்கு வருகிறது. ஒரு துண்டும் குப்பைக்குப் போவதில்லை. இதை நமக்கு எந்தச் சுற்றுச்சூழல் நிபுணரும் வந்து கற்றுத் தரவில்லை. அத்தகைய திருச்சபையின் பிள்ளைகள் தெர்மாகோலில் குடில் கட்டுவதும், பீடத்தில் பிளாஸ்டிக் மலர் வைப்பதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலை எழுதினார். ‘இறைவா, உமக்கே புகழ்’ என்பது அதன் பொருள். அசிசி நகர்ப் புனிதர் பிரான்சிஸ் பாடிய பாடலிலிருந்து எடுத்த தலைப்பு அது. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் தனித்தனியே கேட்க முடியாது என்பது அம்மடலின் சாரம். விடியற்காலைத் துடைப்பத்தின் ஓசையைக் கேட்கும்போது அது எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது. அதே ஆண்டில் அவர், செப்டம்பர் 1ஆம் நாளைப் படைப்பைப் பேணுவதற்கான உலக ஜெப நாளாகவும் ஏற்படுத்தினார். கிழக்குத் திருச்சபையாகிய ஆர்த்தடாக்ஸ் சபையினர் 1989 முதலே அனுசரித்து வந்த நாள் அது. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், தோழியரே! பெசன்ட் நகர்க் கொடியேற்றத்திலிருந்து நான்காம் நாள்தான் செப்டம்பர் 1. யாரும் திட்டமிடாமலே இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அன்றைய ஜெபக் கருத்தைப் படைப்புக்காக ஒப்புக்கொடுத்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட (அந்தக் கன்றுக்கு மறுவாரம் தண்ணீர் ஊற்றியது யார் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை) இது மேலானது.

பந்தல் போடும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பானைத் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் நம் பாட்டிமார் காலத்துத் தண்ணீர்ப் பந்தலில் இருந்தவைதாமே? சாப்பாட்டுக்கு வாழையிலையும் மந்தாரை இலையும் கோயம்பேட்டில் கிடைக்கின்றன. தி.நகர்ப் பாத்திரக் கடையில் ஒரு முறை டம்ளர் வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும். “கழுவுவது யார்?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சகோதரிகள் அனுமதி தந்தால் வரும் ஆகஸ்ட் 29 அன்று நம் பள்ளியின் சார்பில் ஒரு பந்தல் போடலாம். அப்போது நாங்கள் பதினோராம் வகுப்பில் இருப்போம். கழுவுவதற்குப் பதினேழு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறோம். இரண்டு பெரிய அண்டாக்கள் மட்டும் வேண்டும்.